சிங்கப்பூர்க் கரையில் ஒரு நாகூர்
கல்முனைக் கரையிலிருந்து ஒரு பார்வை



உங்கள் வீட்டில் மூத்தம்மாவின் பெட்டகம் ஒன்று இருக்கிறதா? இருந்தால் இன்று அஸருக்குப் பிறகு சற்று நேரம் ஒதுக்கி அதைத் திறந்து பாருங்கள். மங்கிப்போன ஒரு காவின் எழுத்து, அட்டை கிழிந்த ஓர் அரபுத் தமிழ்க் கிதாபு, யாரென்றே தெரியாத நாலைந்து பேர் நிற்கும் ஒரு பழைய படம், மடிப்பிலேயே நைந்துபோன ஒரு கைத்தறிச் சேலை. இவற்றில் ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைக்கும். அதைக் கையில் எடுத்ததும் நம்மில் பலருக்கு முதலில் வருகிற எண்ணம் என்ன? "இதை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம்? இடத்தை அடைக்கிறதே" என்பதுதான்!

சற்றுப் பொறுங்கள். அதை வெளியே போடுவதற்கு முன், நம் கடலுக்கு அப்பால், தமிழ் பேசும் முஸ்லிம்கள் தங்கள் மூத்தோரின் பெட்டகத்தை என்ன செய்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்.

கடல் விலகிப்போன கடற்கரை

சிங்கப்பூரில் தெலோக் ஆயர் என்றொரு தெரு உண்டு. மலாய் மொழியில் தெலோக் என்றால் குடா; ஆயர் என்றால் தண்ணீர். இன்று அந்தத் தெருவில் நின்று பார்த்தால் தண்ணீரே தெரியாது. வானளாவிய வங்கிக் கட்டிடங்களும் காரியாலயங்களும்தான் சுற்றிலும் நிற்கின்றன. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தத் தெருதான் கடற்கரை. பாய்மரக் கப்பல்களில் வந்தவர்கள் இறங்கிய இடமே அதுதான். 1880களில் கடலை நிரப்பி நிலமாக்கிய பிறகு, கரை தூரமாகத் தள்ளிப்போய்விட்டது.

அந்தக் கரையில் இறங்கியவர்களில் நம் மொழி பேசியவர்களும் இருந்தார்கள். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை போன்ற சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வணிகர்களாகவும், படகுக்காரர்களாகவும், கூலியாட்களாகவும் போன தமிழ் முஸ்லிம்கள் அவர்கள். அந்நாட்டில் அவர்களைச் 'சூலியர்' என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் 1822இல் நகரத்துக்கு வரைபடம் போட்டபோதே சூலியர் குடியிருக்கவென்று தனியாக ஒரு பகுதியைக் குறித்துவைத்தார்கள் என்றால், அவர்கள் எவ்வளவு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

போன இடத்தில் அவர்கள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? தொழ ஓர் இடம் தேடினார்கள். 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியாப் பள்ளி தோன்றியது. 1827இல் தெலோக் ஆயர் கரையில் ஓலையும் கம்பும் கொண்டு ஒரு சிறு குடிசைப் பள்ளியைக் கட்டினார்கள். அதைக் 'குச்சுப் பள்ளி' என்று நம் மக்கள் அழைத்தார்கள். குச்சு என்றால் சிறு குடிசைதானே! 1850களில் அது கற்கட்டிடமாகி, இன்று அல் அப்ரார் பள்ளிவாசல் என்ற பெயரில் நிற்கிறது. இருந்தும் பழைய தமிழ்ப் பெயர் இன்னும் மறக்கப்படவில்லை.

அதே தெருவில், 1828க்கும் 1830க்கும் இடையில், இன்னொரு கட்டிடமும் எழுந்தது. அதுதான் நாகூர் தர்கா. இந்தக் கட்டுரையின் கதாநாயகனும் அதுவே.

கப்பற்காரர்களின் நினைவிடம்

நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களைப் பற்றி நம் கரையில் கேள்விப்படாதவர் யார்? 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர்களின் அடக்கத்தலம் தமிழ்நாட்டின் நாகூரில் இருக்கிறது. அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து மன்னர் என்பதைக் கவனியுங்கள். கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அன்னார் காப்பாற்றிய செவிவழிக் கதையை நம் மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் கப்பலேறியவர்கள் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கொண்டுபோனார்கள்.

மலேசியாவின் பினாங்கில், சூலியர் தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஒரு நாகூர் தர்கா இன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒன்று. நம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஒன்று. மூன்றுமே நினைவிடங்கள்தாம். அடக்கம் நாகூரில், நினைவு வங்கக் கடலைச் சுற்றியுள்ள கரைகளில்!

நம் கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேறுவதும், மினாராக்களில் கொடி பறப்பதும், கடைத்தெருவே கடற்கரைக்கு இடம்பெயர்ந்ததுபோல் வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் வரிசையாக நிற்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அண்மைய ஆண்டுகளில் அந்தக் கொடியேற்றம் இருநூறை ஒட்டிய ஆண்டுக் கணக்கைச் சொல்லி அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. சிங்கப்பூர்த் தர்காவுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். ஒரே காலத்தில், ஒரே கடலின் இரு கரைகளில், ஒரே மொழி பேசிய மக்கள் ஒரே பெயரில் இரண்டு கட்டிடங்களை எழுப்பியிருக்கிறார்கள். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

கந்தூரி கூடுமா, கூடாதா என்ற கேள்வி சில வீடுகளில் எழுவதை அறிவேன். அந்த மார்க்க வாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. நான் இங்கு பேசுவது வேறொன்று. நம் மூத்தோர் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எதைச் சுமந்து வந்தார்கள் என்ற வரலாற்றைப் பற்றியது அது. கந்தூரிக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் அந்த வரலாறு பொதுவானது.

விற்கக் கூடாது என்ற நிபந்தனை

சிங்கப்பூர்த் தர்காவின் நிலம் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு அரசாங்கத்தால் கொடுக்கப்பட்டது. அதை விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அந்த ஒற்றை நிபந்தனையின் பெறுமதியை இன்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஓரடி நிலமும் பொன்விலை போகும் இடத்தில், வங்கிகளின் நிழலில், அந்தச் சின்னக் கட்டிடம் தலைநிமிர்ந்து நிற்கிறது.

அதன் அமைப்பும் ஓர் அழகு. கீழே ஐரோப்பியப் பாணியில் தூண்களும் உயரமான சன்னல்களும். மேலே இஸ்லாமியப் பாணியில் துளைவேலைச் சுவர்கள். நான்கு மூலைகளிலும் பதினான்கு அடுக்குகள் கொண்ட மினாராக்கள். நாகூரைப் பார்த்தவர் அதன் சாயலைக் கண்டுகொள்வார். பிழைக்கப் போனவர்கள் தாங்கள் விட்டுவந்த ஊரின் உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு, போன ஊரின் கட்டுமானத்தோடு கலந்து கட்டியிருக்கிறார்கள். ஒரு மணப்பெண் தாய்வீட்டுக் கறிப்பக்குவத்தைப் புகுந்த ஊரின் சாமான்களைக் கொண்டு சமைப்பதுபோல என்று சொல்லலாமா?

அந்தத் தெருவில் இன்னொரு அதிசயம். தர்காவுக்குச் சற்றுத் தள்ளி, 1839 முதல் 1842 வரை சீனர்கள் கட்டிய தியான் ஹொக் கெங் என்ற கோயில் இருக்கிறது. கடற்பயணத்தைக் காப்பதாகச் சீனர்கள் நம்பும் தெய்வத்துக்கு எழுப்பப்பட்டது அது. வேறு மதம், வேறு மொழி, வேறு நாடு. ஆனால் கரையில் காலை வைத்ததும் "உயிரோடு வந்து சேர்ந்தோமே" என்று நெஞ்சு விம்மியது மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1974இல் சிங்கப்பூர் அரசு இந்தத் தர்காவைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஆனால் பட்டயம் கொடுத்ததனால் மட்டும் ஒரு கட்டிடம் நிமிர்ந்து நின்றுவிடுமா? காலமும் ஈரமும் அதைப் பழுதாக்கின. பிறகு பெரிய அளவில் செப்பனிட்டு, 2011இல் 'நாகூர் தர்கா இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்' என்ற பெயரில் திறந்தார்கள். இன்று அது இந்திய முஸ்லிம்களின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் ஒரு காட்சிக்கூடம். பள்ளிப் பிள்ளைகளும், வேற்று மதத்தவரும், வெளிநாட்டுப் பயணிகளும் உள்ளே வந்து, இம்மக்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு போகிறார்கள்.

அம்மியில் அரைத்த வரலாறு

சகோதரிகளே, வரலாறு என்றதும் கப்பலும் வணிகரும் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அதில் நம் பெண்களின் பங்கு பெரிது.

தமிழ்நாட்டின் தென்கோடியில் கடையநல்லூர் என்றொரு ஊர் உண்டு. நம் மருதமுனையைப்போல் அதுவும் தறிச்சத்தம் கேட்ட முஸ்லிம் ஊர். நெசவுத் தொழில் நலிந்து வயிற்றுப்பாடு கடினமானபோது அங்கிருந்து பலர் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். மற்ற ஊர் ஆண்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்கள். கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களுமோ முன்னதாகவே குடும்பத்தோடு போய்க் குடியேறினார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அவர்களின் வாழ்க்கை தொடங்கியது.

கணவரின் கூலி போதாதபோது அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அம்மியை இழுத்துப்போட்டு மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்தார்கள். அரைத்த மசாலாவைச் சந்தையில் விற்றார்கள். சீனரும் மலாய்க்காரரும் அவர்களிடம் வந்து, மீனுக்கு இவ்வளவு, இறைச்சிக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அந்த அம்மிச் சத்தத்தில்தான் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

பள்ளிக்கூடம் என்றதும் இன்னொரு செய்தி. 1941இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த கையோடு 1946இல் ஒரு தமிழ்ப் பாடசாலையை ஆரம்பித்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி! நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடிய நம் உமறுப் புலவரின் பெயர்தான். பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. காலம் மாறி, பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பத் தொடங்கியதும் மாணவர் தொகை குறைந்து, 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. ஆனால் பெயர் அழியவில்லை. அடுத்த ஆண்டே, 1983இல், அரசாங்கம் தமிழ்மொழி கற்பிக்க ஒரு நிலையம் அமைத்தபோது அதற்கு உமறுப் புலவரின் பெயரையே இட்டது. இன்று இந்துப் பிள்ளையும், கிறிஸ்தவப் பிள்ளையும், முஸ்லிம் பிள்ளையும் அந்தப் பெயர் தாங்கிய கூரையின் கீழ் தமிழ் படிக்கிறார்கள். அம்மி அரைத்தவர்களின் சமூகம் ஒரு நாட்டுக்கே கொடுத்த கொடை அல்லவா இது?

அச்சுத் தொழிலிலும் அவர்கள் பின்தங்கவில்லை. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நம் நாட்டில் அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' நடத்தத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குள் நடந்தது இது. கடலின் இருபுறமும் இரண்டு 'நேசன்'கள்! அன்றைய பத்திரிகைகளின் பழைய இதழ்களை யாரோ சிலர் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததனால்தான் இந்தச் செய்திகள் இன்று நமக்குத் தெரிகின்றன.

பிறர் செய்ததும் நம்மிடையே நடந்ததும்

தமிழர்கள் மட்டும்தான் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்கவேண்டாம். ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் அயர்லாந்து என்றொரு சிறு தீவு. 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறி அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் ஓடினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் சிக்காகோ நகரில் 1976இல் ஒரு மரபு நிலையத்தைத் தொடங்கினார்கள். 1985இல் பாழடைந்துகிடந்த ஒரு பழைய கல்லூரிக் கட்டிடத்தை விலைக்கு வாங்கி, தச்சரும் மேசனும் மின்சார வேலைக்காரரும் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து அதைச் சீராக்கினார்கள். இன்று அங்கே நூலகம் இருக்கிறது, பழம்பொருட்கள் இருக்கின்றன, பிள்ளைகளுக்கு அந்நாட்டு மொழியும் இசையும் ஆட்டமும் கற்றுக்கொடுக்கிறார்கள். பசியோடு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள், தாங்கள் ஓடிவந்த கதையையே பெருமையாகச் சொல்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே மலாய்ச் சகோதரர்களைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். 1869இல் பாபா ஊனுஸ் சல்தீன் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார். 1872இல் மலாய்க் கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கினார்கள். விளையாட்டுக் கழகம் என்றாலும் அது அவர்கள் ஒன்றுகூடும் மனையாகவும் ஆயிற்று. எண்ணிக்கையில் மிகச் சிறிய அந்தச் சமூகத்தின் வீடுகளில் இன்றும் மலாய்ப் பேச்சு ஒலிக்கிறது என்றால், அதைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் காதில் போட்டது யார்? தாய்மார்தானே!

நம் கரையில் என்ன இருக்கிறது?

இனி நம் ஊருக்கு வருவோம். மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் இந்தக் கரையில் என்னதான் இல்லை?

குழந்தையைத் தூங்கவைக்க நம் மூத்தம்மாமார் பாடிய ஓராட்டு இருக்கிறது. வயலிலும் வாடியிலும் பிறந்து, ஆணும் பெண்ணும் கேள்வியும் பதிலுமாய்ப் பாடிய கவி இருக்கிறது. கலியாண வீட்டில் பெண்கள் இட்ட குரவை இருக்கிறது. பொல்லடி இருக்கிறது, றபான் இருக்கிறது, சீனடி இருக்கிறது. பன் பாய் இழைக்கும் கை இருக்கிறது. மருதமுனையின் கைத்தறி இருக்கிறது. தாய்வழியாக வரும் குடி முறையும், குடி மரைக்கார்மாரும், மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து மருமகனை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கின்றன. இந்தத் தாய்வழி முறையைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவிலிருந்து டெனிஸ் மெக்கில்ரே என்ற பேராசிரியர் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2008இல் பெரிய புத்தகமே வெளியிட்டிருக்கிறார். அவருக்கு அருமையாகத் தெரிந்தது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது!

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் நாட்டார் பாடல்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டி நூல்களாக்கினார். மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடியில் 2015இல் முஸ்லிம்களின் வாழ்வைக் காட்டும் பூர்வீக நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக்கு விஷயம் வேண்டுமென்றால் அடுத்த வீட்டு மூத்தம்மாவே போதும்.

ஆனாலும் ஒரு வேதனையைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையை நாம் மறக்கமாட்டோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அந்தக் கடல் கொண்டுபோனது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் தெருக்களாகவே துடைத்தெடுக்கப்பட்டன. போன உயிர்களுக்கு முன்னால் பொருட்களைப் பற்றிப் பேச நாக் கூசுகிறது. இருந்தாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்று மவுத்தானவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட இல்லாமல் எத்தனை தாய்மார் இருக்கிறார்கள்! பெட்டகத்தோடு படமும் போனது. காவின் எழுத்தும் போனது. காணி உறுதியும் போனது. கவி பாடிய வாயும் போனது. கல்முனைக்குடிக் கடற்கரையில் நிற்கும் தர்காவின் மினாரா போனவர்களை அறியும். ஆனால் அது வாய் திறந்து சொல்லாதே!

கடல் கொண்டுபோனதை நம்மால் தடுக்க முடியவில்லை. எஞ்சியதை நாமே தூக்கியெறிவது நியாயமா?

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

"எங்களிடம் சிங்கப்பூர் அரசாங்கத்தின் பணமா இருக்கிறது? நாங்கள் நிலையம் கட்டுவது எப்படி?" என்று கேட்பீர்கள். கட்டிடம் கடைசியில் வருவது. முதலில் வீடு. பணமில்லாமல் ஓர் இல்லத்தரசி செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன், இயன்றதைச் செய்யுங்கள்.

முதலாவது, பழைய படங்கள். ஒவ்வொன்றையும் வீட்டின் மூத்தவரிடம் காட்டி, அதில் இருப்பவர் யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும். கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைப் படமெடுத்து, கொழும்பிலோ கத்தாரிலோ இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். ஒரே இடத்தில் இருப்பது ஒரே வெள்ளத்தில் போய்விடும். இதைக் கடல் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

இரண்டாவது, பழைய கிதாபுகளும் பத்திரங்களும். அரபெழுத்தில் தமிழ் எழுதிய நூல்கள் இருந்தால், வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். அது மஞ்சள் பூத்துக் காகிதத்தைத் தின்றுவிடும். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில், காற்றோட்டத்தில் ஆறவிடுங்கள். தரையிலிருந்து உயரமான இடத்தில், சுவரில் முட்டாமல், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். உப்புக்காற்று வீசும் நம் ஊரில், பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளேயே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, குரல். மூத்தம்மா உயிரோடு இருந்தால், அவர் பாடும் ஓராட்டையும் கவியையும் சொல்லும் கதையையும் பேரப்பிள்ளையின் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். "உங்களுக்குக் கலியாணம் நடந்த அன்று என்ன சமைத்தார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வட்டிலப்பத்தில் தொடங்கி, யார் யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு தலைமுறையின் சரித்திரமே வெளியே வரும். பதிவின் தொடக்கத்தில் பெயரையும் ஊரையும் தேதியையும் சொல்ல மறக்காதீர்கள்.

நான்காவது, குடி. உங்கள் தாய்வழியை மேல்நோக்கி எத்தனை பெயர் வரை சொல்ல முடியும்? உம்மா, உம்மாவின் உம்மா, அவரின் உம்மா... நம்மில் பலர் மூன்றாவது பெயரிலேயே நின்றுவிடுவோம். ஒரு கொப்பியில் அந்தப் பெயர்களை எழுதி, குடியின் பெயரையும் சேர்த்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஐந்தாவது, ஊர். இப்படிப் பத்து வீடுகள் சேர்த்துவிட்டால், பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ மாதர் சங்கத்திலோ ஒரு நாள் கண்காட்சி வைக்கலாம். ஒரு மேசையில் பன் பாயும் வட்டா செம்பும், ஒரு மேசையில் படங்கள், ஒரு மூலையில் ஓராட்டின் ஒலிப்பதிவு. அதற்கு எந்த அமைச்சரும் வந்து நாடா வெட்டவேண்டியதில்லை. நிலையங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. தெலோக் ஆயரிலும் முதலில் இருந்தது ஓர் ஓலைக் குச்சுதான்!

பெருமைக்கு அல்ல, அறிமுகத்துக்கு

முடிக்குமுன் ஒரு சொல். மரபைக் காப்பது, "நாங்கள்தான் உயர்ந்தவர்கள்" என்று மார் தட்டுவதற்கல்ல. அல்லாஹ் மனிதர்களைப் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகத்தான் என்று நம் மறை போதிக்கிறது. அறிந்துகொள்ள வருகிறவரிடம் சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கவேண்டாமா? சிங்கப்பூர்த் தர்காவுக்குள் வரும் சீனப் பிள்ளை தமிழ் முஸ்லிமை அறிந்துகொண்டு போகிறது. நம் ஊரிலோ, அடுத்த தெருவிலுள்ள தமிழ்ச் சகோதரியும் நாமும் ஒரே கவியை, ஒரே குடி முறையை, ஒரே பன் பாயைப் பங்கிட்டு வாழ்ந்தோம் என்பதைக்கூட இரு பக்கத்துப் பிள்ளைகளும் மறந்து வருகிறார்கள். இந்தப் பொருட்களைப் பார்த்தாலாவது அந்த நினைவு திரும்பக்கூடும்.

உங்கள் பிள்ளைகளில் ஒருவர் இன்று தோஹாவிலோ இலண்டனிலோ மெல்போர்னிலோ இருக்கலாம். அங்கே அவருக்குப் பிறக்கும் பிள்ளை ஒருநாள், "நாம் யார்? எங்கிருந்து வந்தோம்?" என்று கேட்கும். பதில் சொல்ல உங்கள் மகனோ மகளோ உங்களுக்குத்தான் தொலைபேசி எடுப்பார். அப்போது உங்கள் கையில் என்ன இருக்கப்போகிறது?

பெட்டகத்தின் மூடியை இப்போது திறந்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பழைய படத்தை எடுத்துக்கொண்டு போய் மூத்தம்மாவின் பக்கத்தில் அமருங்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளட்டும். முதல் பெயரை அவர் சொல்லும்போது பென்சில் உங்கள் கையில் இருக்கட்டும்.

நம் மூத்தோரின் நல்லவற்றைப் பேணி, நம் பிள்ளைகளிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.